மழைக்கோட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு மாமியார், ஒரு மாமனார், ஒரு மருமகள், அப்புறம் அவளுடைய மழைக்கோட்டு.

மகனுக்கு வெளியூரில் வேலை. மருமகளுக்குத் தெருத் தெருவாகத் தபால் கொடுக்கும் வேலை.

"உன் மாமியார் பண்ற காரியம் தெரியுமாடி?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. ரகசியம்தான், தெருக்கோடி வரை கேட்டது.

"என்னக்கா?"

"தினம் விடிகாலைல உன் மழைக்கோட்டை வராந்தாக் கொடியில மாட்டி, ஒரு டம்ளர் தண்ணியை ஊத்துறாங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன். நீ நனைஞ்சு நொந்து வேலையை விடணும்னுதான்!"

மருமகளுக்குச் சுருக்கென்றது. போன வருடம் கோட்டு ஒழுகி, மூன்று நாள் காய்ச்சலில் படுத்தவள் அவள். மட்டமான கோட்டைக் கொடுத்துவிட்டார் என்று ஆபீஸ் ஸ்டோர்காரரோடு பெரிய சண்டையே போட்டாள். "இந்த மழையில இந்த வேலை உனக்குத் தேவையாம்மா?" என்று மாமியார் அப்போது கேட்டதும் ஞாபகம் வந்தது.

"என் வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. யோசி," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

மருமகள் யோசித்தாள். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விடுவது என்று முடிவும் செய்தாள்.

மறுநாள் விடிகாலை, வராந்தாக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

மாமியார் கோட்டை மாட்டினார். டம்ளரை எடுத்தார். ஊற்றியே விட்டார்!

மருமகள் பல்லைக் கடித்தாள்.

முதுகில் விழுந்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வலது தோளில் மட்டும், தபால் பை உரசுகிற இடத்தில், துணி தண்ணீரைக் குடித்துக் கறுத்தது.

"ஏங்க, தோள்ல விட்டுடுச்சு. தண்ணி ஒட்டாம பண்ற அந்த ஸ்ப்ரேயை எடுங்க. இஸ்திரிப்பெட்டியும் போடுங்க. சூடு கம்மியா!"

மாமனார் கொட்டாவியோடு வந்தார். "அவகிட்டயே சொல்லிடேன். திருட்டு வேலை மாதிரி எதுக்கு இந்தப் பாடு?"

"சொல்லலாம். போன வருஷம் மணக்கட்டுமேன்னு துணிக்குப் போடுற வாசனைத் தண்ணில ஊறப்போட்டு, இதுல இருந்த தண்ணி ஒட்டாத பூச்சைக் கெடுத்தது யாருன்னு கேப்பாளே? மூணு நாள் காய்ச்சல்ல துவண்டு கிடந்தா புள்ள. எந்த முகத்தை வெச்சுச் சொல்றது?"

மாமனார் ஸ்ப்ரேயை அடித்து, கோட்டின் தோள்மேல் மெல்லிய துணியை விரித்துப் பிடித்தார். மாமியார் அதன்மேல் இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தார். மறுபடி ஒரு டம்ளர். இந்தத் தடவை தோளிலும் தண்ணீர் உருண்டது.

"இப்போ போகட்டும் என் ராசாத்தி."

மருமகள் பூனை மாதிரி திரும்பிப் போய், போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.

எட்டு மணிக்கு எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே காத்திருந்தாள்.

"பாத்தியா? ஊத்தினாங்களா?"

"ஊத்தினாங்கக்கா. ரெண்டு டம்ளர்."

"நான் சொன்னேன்ல! எப்போ மாடிக்கு வர்றே?"

"மாடியெல்லாம் வேணாம்கா. ஆபீஸ்ல அந்த ஸ்டோர்காரர்கிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும். நேரமாச்சு."

எதிர்வீட்டுக்காரி அவளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு துண்டு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது.

மழைக்கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மருமகள் நடந்து போனாள்.