பதினோரு கட்டம்

சரக்கு வாங்க வந்திருந்த பையரின் மோதிரம் குல்லாவுக்குள் மாட்டிக்கொண்டது.

அந்த வெள்ளைக்காரி வெடுக்கென்று கையை இழுத்தாள். முன்பக்கத்தில் ஒரு நட்சத்திரம் சுருங்கிக் கோணிப்போனது.

மேசையைச் சுற்றி ஐந்து பேர்.

நட்சத்திரத்தை வரைந்தது, அந்த ஐந்து பேரில் டிசைனராக இருந்த அவள்.

பனி விழுந்து பார்த்ததில்லை. பனி விழும் ஊருக்குக் குல்லா வரைந்துவிட்டாள். திரையில் ஒரு கட்டம் என்றால் பின்னலில் ஒரு கண்ணி. அரக்குச் சிவப்பில் வெள்ளை நட்சத்திரங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினோரு கட்டம் வெறும் சிவப்பு.

வெறுமை திரையில்தான். குல்லாவின் உள்ளே, அந்தப் பதினோரு கண்ணி தூரத்துக்கும் வெள்ளை நூல் பிடிமானம் இல்லாமல் கொடிக்கயிறு மாதிரி தொங்கியது.

மேனேஜர் ஜெகநாதன் குல்லாவைப் பிடுங்கிப் புரட்டினார். வரைந்தவளைப் பார்க்கவில்லை. உள்ளே ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தார்.

"செக்கிங் பதினாலு யாருய்யா? வரச்சொல்லு."

பதினாலு அவள் அம்மா.

அது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்று சொன்னவளும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று, கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும்போது, பத்தடி தள்ளி நில்லு என்றாள். எட்டு மாதமாக அம்மா பத்தடி தள்ளியே நிற்கிறாள்.

அம்மா வந்தாள். ஏசி அறை என்று செருப்பை வெளியே விட்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு.

குல்லாவுக்குள் கையை விட்டுத் தடவினாள். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. முந்தாநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னவள்தானே. உள்ள நூலு நீளமா கெடக்குது கண்ணு, நடுவுல ரெண்டு புள்ளி வெச்சீன்னா புடிச்சுக்கும்.

படிச்சது நீயா நானா, என்று கேட்டாள் அவள். வாயில் சோற்றோடு.

அந்தப் படிப்பு எந்த மேசைச் சம்பளத்தில் வந்தது என்று அம்மா திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் ரிஜெக்ட் சீட்டு எழுதாமல், தன் நம்பரை ஒட்டி அனுப்பிவிட்டாள். சீட்டு எழுதினால் டிசைனர் பெயரையும் எழுதவேண்டும்.

"என்னம்மா, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார் ஜெகநாதன்.

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நடுவில் பத்தடிகூட இல்லை.

"மேடம் வரைஞ்சது சரிதானுங்க. நாந்தான் பாக்காம உட்டுட்டனுங்க."

முதலில் அம்மாமேல்தான் எரிச்சல் வந்தது. எதற்கு இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும்?

அவள் வாயைத் திறந்தாள்.

தண்ணீர் குடித்தாள்.

நாளையிலிருந்து பிசிறு வெட்டப் போ, என்றார் ஜெகநாதன். நாள் முழுக்க நின்றுகொண்டே நூல்முனை கத்தரிக்கிற வேலை. முழங்கால் முடியாமல், கெஞ்சிக் கேட்டு, செக்கிங்கில் ஒரு ஸ்டூல் வாங்கியவள் அம்மா.

சரிங்க, என்றாள்.

கதவு சாத்தியதும் அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். மூன்று கட்டம் விட்டு ஒரு வெள்ளைப் புள்ளி. மறுபடி மூன்று விட்டு இன்னொன்று. இரண்டே புள்ளி. அப்படியே எல்லா வரிசைக்கும், ஒன்றுவிட்டு ஒன்று தள்ளித் தள்ளி.

சிவப்பில் பனி தூவ ஆரம்பித்தது.

பையர் கை தட்டினாள். எப்படித் தோன்றியது இது, என்று கேட்டாள்.

சும்மா தோணுச்சு. இங்கிலீஷில் சொன்னாள். ஒரு பிழை இல்லாமல்.

ஆறு மணி வேன். ஆபீஸ் ஆட்களுக்கு முன் சீட்டு. அவள் அதைத் தாண்டிப் போனாள். கடைசி வரிசைவரை.

அம்மாவின் பக்கத்தில் டிபன் கூடை உட்கார்ந்திருந்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அம்மா."

முன்பின் தெரியாத பொம்பளையைக்கூட அப்படிக் கூப்பிடலாம். அந்தக் குரலில்தான் கூப்பிட்டாள்.

அம்மா கூடையை எடுக்கவில்லை. மடியில் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி எடம் இருக்குதுங்க, மேடம்."