நாளுக்கு நாலு பேர்

“ஆறையும் ஒரேயடியாப் புடுங்கி விடுங்கோ டொக்டர். திரும்பத் திரும்ப வர என்னால ஏலாது.”

சாய்கதிரையில் படுத்தபடியே பிரியதர்சினி சொன்னாள். பல் வைத்தியர் ஆனந்தராசா முகக்கவசத்துக்கு மேலாக அவளைப் பார்த்தார். சில்லு வைத்த கதிரையில், சுவரோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே வந்ததிலிருந்து மனிதர் ஒருமுறைகூட எழும்பவில்லை. லைற்றைத் திருப்புவது, கண்ணாடியை எடுத்துக் கொடுப்பது எல்லாமே உதவியாளர் நுஸ்ரத்தான்.

“எந்தப் பல்லு நோகுது?”

“ஒண்டும் நோகேல்ல.”

“பிறகென்னத்துக்கு?”

கதவடியில் நின்ற கணவன் சிவரூபன் முந்திக்கொண்டான். “களைப்பு டொக்டர். நாலு வருசமாப் படுக்கை. கொழும்பிலயும் காட்டினனாங்கள். இரத்தம் சரி, தைரொயிட் சரி, எல்லாம் சரியாம். நாட்பட்ட களைப்பு நோய் எண்டு ஒரு பேரை மட்டும் எழுதித் தந்தவை. இப்ப போனில ஒரு வீடியோ பார்த்தனாங்கள். சில்வர் அடைச்ச பல்லில இருந்து பாதரசம் கசிஞ்சு இப்பிடி வருமாம். இவவுக்கு ஆறு பல்லு சில்வர்.”

“பார்த்தனான். ஆறும் நல்ல பல்லு. அதால களைப்பு வாறதுக்கு ஒரு ஆதாரமும் இல்லைத் தங்கச்சி. அவ்வளவுக்குப் பயமெண்டா சில்வரை எடுத்துப்போட்டு வெள்ளை அடைக்கலாம். அதையும் நான் செய்யச் சொல்லேல்ல.”

“அதுக்கு எத்தினை தரம் வரவேணும்?”

“நாலு தரம்.”

பிரியதர்சினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் பலம் வேண்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

“ஒருக்கா வெளிக்கிட்டா ஒரு கிழமை விழுந்து கிடப்பன் டொக்டர். இண்டைக்கு இறக்கக்கண்டியில இருந்து வாறதுக்காக மூண்டு நாளாச் சமைக்கேல்ல, தலை முழுகேல்ல. இவர்ட ஓட்டோவில, பின் சீற்றில சுருண்டு படுத்துக்கொண்டுதான் வந்தனான். வாற மாதம் மெடிக்கல் போர்ட். அதுக்கிடையில எழும்பி நடக்காட்டி வேலையால நிப்பாட்டிப் போடுவினம். பதினாலு வருச அரசாங்க வேலை, இப்ப சம்பளமில்லா லீவில நிக்கிறன்.”

ஆனந்தராசா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் போயிருக்கும். வெளியே துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. சிவரூபன் மனைவியைப் பார்த்து, ‘ஆள் நித்திரை’ என்று கையால் காட்டினான்.

வந்ததிலிருந்தே அவனுக்கு இந்த டொக்டரில் நல்லெண்ணம் இல்லை. ஒன்பது மணிக்கு என்று எழுதிப் போட்டுவிட்டுப் பத்தரைக்குத்தான் கதவு திறந்தது. நாளுக்கு நாலு பேருக்கு மேல் பார்க்கமாட்டாராம். பெரியாஸ்பத்திரியில் நாற்பது பேரைப் பார்க்கிறார்களே என்று கேட்டதற்கு, “எங்கட டொக்டர் அப்பிடித்தான்” என்று நுஸ்ரத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வயசு நாப்பத்தஞ்சு இராது. அதுக்குள்ள இந்தச் சோம்பல்” என்று வெளியே வாங்கில் படுத்துக் கிடந்த பிரியதர்சினி, அவர் உள்ளே போவதைப் பார்த்து அப்போது முணுமுணுத்தாள். “மனம் வைச்சா ஏலாதே?”

ஆனந்தராசா கண்ணைத் திறந்தார்.

“நான் சொல்லுறதைக் கேளுங்கோ. களைக்க முதலே படுங்கோ. பல்லுத் தீட்டுறதெண்டாலும் கதிரையில இருந்துகொண்டு தீட்டுங்கோ. ஒரு நாளைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். சுகமா இருக்கிற நாளிலதான் கூடக் கவனம். அண்டைக்குத்தான் மனம் எல்லாத்தையும் செய்யச் சொல்லும். போர்ட்டுக்கு நான் கடிதம் தரமாட்டன், நான் பல்லு டொக்டர். கொழும்பு டொக்டரிட்டக் கேட்டு வாங்குங்கோ. அரை நாள் வேலை, இருந்து செய்யிற வேலை எண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ.”

“இதெல்லாம் பேப்பரிலயும் கிடக்கு” என்றாள் பிரியதர்சினி. “கலியாண வீட்டுக்குப் போகாட்டிக் குணம் சரியில்லை எண்டுவினம். போனா, இப்ப ஏலுதுதானே எண்டுவினம். என்ர மாமியே, முறிச்சு வேலை வாங்கினாச் சரிவரும் எண்டு சொன்னவ. நீங்கள் கதிரையில இருந்துகொண்டு புத்தி சொல்லுறீங்கள். காலமை கண் முழிக்கேக்க இரவெல்லாம் மூட்டை தூக்கின மாதிரி இருக்குமே, அது உங்களுக்குத் தெரியுமே டொக்டர்?”

“பிரியா” என்று சிவரூபன் தடுத்தான்.

“விடுங்கோ. ஆறு பல்லுப் போனாப் போகட்டும். எனக்குச் சீவியம் வேணும். இவர் புடுங்காட்டி வேற டொக்டரிட்டப் போவம். காசு குடுத்தா ஆரும் புடுங்குவினம்.”

“ஓம், புடுங்குவினம்” என்றார் ஆனந்தராசா மெதுவாக. பிறகு சுவரைப் பிடித்து, கதிரையோடு உருண்டு அவளுக்குக் கிட்ட வந்தார். “சரி. அவ்வளவு பிடிவாதமெண்டா நானே புடுங்குறன். ஊசி போட முதல் ஒண்டை மட்டும் பாருங்கோ. நுஸ்ரத், கதவைச் சாத்தம்மா.”

அவர் முகக்கவசத்தைக் கழற்றி, வாய்க்குள் விரலை விட்டு, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தார். கன்னம் இரண்டும் உள்ளே விழ, எண்பது வயதுக் கிழவன் ஒருவன் அவள் முன்னால் இருந்தான்.

“முப்பத்திரண்டையும் இதே களைப்புக்காகத்தான் புடுங்குவிச்சனான், பத்து வருசத்துக்கு முந்தி” என்று அந்தப் பொக்கை வாய் குழறியது, “இண்டைக்கு நீங்கள் நாலாவது ஆள், இனி நாளைக்குக் காலமை பத்து மணி வரைக்கும் நான் எழும்பமாட்டன்.”