யார் விரித்த குழாய்?

மாமா தன் கார் ஷெட்டில் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பொம்மை இல்லை, நிஜ விமானம். ரெண்டு பேர் உட்காரலாம்.

பெட்ரோல் போகிற ஒரே ஒரு குழாய்தான் பாக்கி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதன் முனைகளைக் கைக்கருவியால் திருகித் திருகிப் புனல் மாதிரி விரிக்கணும். பத்து மணிக்குப் பரிசோதகர் வருகிறார். இன்றைக்குத் தேறாவிட்டால் அடுத்து ஆறு மாசம் கழித்துத்தான் வருவார்.

'டிக்' என்றது. ஐந்தாவது துண்டும் விரிசல்.

"நான் பண்ணட்டுமா மாமா? தினமும் இதுதானே என் பொழப்பு?" என்றான் மச்சினன். ஏசி மெக்கானிக்.

"நீ விரிக்கிறது செம்பு மாப்ளே, வெண்ணெய். இது இரும்புக்கே அண்ணன். கையை வைக்காதே."

ஆறாவது துண்டு ரெண்டு பக்கமும் கண்ணாடியாய் விரிந்தது. மாமா ஒரு குதி குதித்தார்.

"சூப்பர் மாமா. நட்டு எங்கே?"

மாமா முகம் செத்துப்போச்சு. நட்டை மாட்டிவிட்டுத்தான் விரிக்கணும். இனிமேல் தலைகீழாய் நின்றாலும் அது ஏறாது. மிச்சம் ஒரே துண்டு, குளித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மச்சினன் சும்மா இருப்பானா? தன் பையிலிருந்த கருவியை எடுத்தான். கடைசித் துண்டு. முதலில் நட்டு. எண்ணெய் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். விரிசல் இல்லை, பிசிறு இல்லை. அக்கா பார்த்தால் அசந்துபோவாள்.

மாமா ஈரத் தலையோடு வரவும் பரிசோதகர் நுழையவும் சரியாக இருந்தது.

பரிசோதகர் குழாயைக் கையில் எடுத்தார். மாமாவும் எட்டிப் பார்த்தார்.

"இதைப் பண்ணினது யார்?"

"நான்தான் சார்" என்றார் மாமா, கூசாமல்.

மச்சினனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை கொப்பளித்தது யாருக்கு, பேர் வாங்குறது யார்?

"சார், அது வந்து..."

"இருங்க தம்பி." பரிசோதகர் ஒரு சின்ன அளவுத் தகட்டை முனையில் வைத்துப் பார்த்தார். "விமானத்துக்கு முனை முப்பத்தேழு டிகிரி விரியணும். இது நாற்பத்தஞ்சு, ஏசிக்குப் போடுறது. மேலே போனதும் பெட்ரோல் ஒழுகும். நீங்க பண்ணினதுன்னு சொல்றதால போனாப் போகுதுன்னு எதுவும் எழுதாம விடறேன். வேற ஆள் பண்ணியிருந்தா, அவனை இந்த ஷெட்டுப் பக்கமே விடாதீங்கன்னு எழுதியிருப்பேன். ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

திரும்பினார். "தம்பி என்னவோ சொல்ல வந்தீங்களே?"

"டீ குடிக்கிறீங்களான்னு கேட்க வந்தேன் சார்."

அவர் குடிக்காமலே போய்விட்டார். மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அது நாற்பத்தஞ்சுன்னு உங்களுக்கு எப்ப மாமா தெரிஞ்சுது?"

"அவர் கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு மாப்ளே. அதான் நீ வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்."