தரையில் இரண்டு கோல்கள்

ஒன்று. மார்ச் மாதம், கழிவறைக்குப் போய்வர ஏழு நிமிடம்தான் என்றார்கள்.

இரண்டு. ஏப்ரலில், கொக்கிச் சங்கிலியில் நிமிடத்துக்கு நூற்று நாற்பதாக ஓடிய கோழிகளை நூற்று எழுபத்தைந்து ஆக்கினார்கள்.

மூன்று. ஜூனில், கத்தி தீட்டும் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான்கு. ஆகஸ்டில், மழுங்கிய கத்தி வழுக்கி, எங்கள் வரிசையில் கோழி வெட்டும் லூலாவின் சுண்டுவிரல் போனது. கோழிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

நான்கு முறையும் மேலாளர் பர்விஸுக்குப் பக்கத்தில் எங்கள் வரிசைத் தலைவி டெல்ஃபின் நின்றாள். நான்கு முறையும் சிரித்தாள்.

மிசிசிப்பியில் இந்தக் கோழி ஆலையில் எனக்கு முப்பத்தோரு வருடம். அதில் பத்தொன்பது வருடம் தொழிற்சங்கப் பிரதிநிதி. முதலாளி பக்கத்தில் நின்று சிரிக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

டெல்ஃபின் கல்லூரியில் பேண்டு வாத்தியக் குழுவுக்கு முன்னால் கோல் சுழற்றிப் போனவள். மினுக்கும் உடை, வெள்ளை பூட்ஸ், இருபதாயிரம் பேர் பார்க்க மாறாத சிரிப்பு. உடையைக் கழற்றி இருபத்தைந்து வருடம் ஆயிற்று. சிரிப்பைக் கழற்றவில்லை. நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் பொம்மை.

இந்தச் செவ்வாய்க்கிழமை லூலாவின் கையுறை கொக்கியில் மாட்டி அவளையும் இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற ஜெரிகா, வேலைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாத பெண், அவசரக் கயிற்றை இழுத்துவிட்டாள். பதினோரு நிமிடம் ஆலை நின்றது. லூலாவின் கை தப்பியது.

அனுமதி இல்லாமல் கயிற்றை இழுத்தால் வேலை போகும். இழுத்தது யார் என்று பர்விஸுக்குத் தெரியாது. அதை எழுதிக் கொடுக்க வேண்டியவள் டெல்ஃபின்.

மதியம் உடை மாற்றும் அறையில் அவளைப் பிடித்தேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிக் குடுத்துட்டேன், மிஸ் வெர்னா."

"அப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் எழுதினியா?"

"கோல் கீழ விழுந்தா முகம் மாறக்கூடாதுன்னுதான் எங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுப்பாங்க. தாளத்தை எண்ணிக்கிட்டே இருக்கணும். எட்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள எடுத்துடணும்."

"இங்க விழுந்தது கோல் இல்ல. லூலாவோட விரல். அதை யார் எடுத்துக் குடுத்தா?"

அவள் தன் அலமாரியைத் திறந்தாள். கதவின் உட்புறம் ஒரு பழைய படம். புல்தரையில் பன்னிரண்டு பெண்கள். இரண்டு கோல்கள் தரையில் கிடந்தன.

"கீழ போட்டதைப் போய் ஒட்டி வெச்சிருக்கே. நல்ல படமே கெடைக்கலையா?"

"அதுல ஒண்ணுதான் தவறி விழுந்தது. முதல் வருஷப் பொண்ணு, பாவம், கை நடுங்கிடுச்சு."

"இன்னொண்ணு?"

"என்னோடது. நான்தான் அப்ப குழுத் தலைவி."

"தலைவியே போட்டுட்டாளா? நல்ல குழு."

டெல்ஃபின் சிரித்தாள். படத்தை மெல்ல உரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு ரோஷமா என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் ஜெரிகா நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"மிஸ் வெர்னா, வீட்டுல கைக்குழந்தை இருக்கு. இந்த வேலையும் போச்சுன்னா..."

"கண்ணைத் தொடைடி. உன் அழுகையையும் சேர்த்து அவங்களுக்குக் குடுக்காத."

இந்த ஆலையில் தண்டனை அறிக்கையைத் தனியறையில் படிக்க முடியாது. உணவுக் கூடத்தில், சாட்சிகள் முன்னால், சங்கப் பிரதிநிதி உரக்கப் படிக்க வேண்டும். பதினோரு வாரம் வேலைநிறுத்தம் செய்து நாங்கள் வாங்கிய விதி அது.

கூடத்தில் பர்விஸ், டெல்ஃபின் ஒட்டிக் கொடுத்த உறையை என்னிடம் நீட்டினார். "நீங்க போராடி வாங்கினதுதானே, வெர்னா. நீங்களே படிங்க."

பிரித்தேன். டெல்ஃபினின் உருண்டைக் கையெழுத்து. கயிற்றை இழுத்ததற்குக் காரணங்கள் என்று தொடங்கியிருந்தது.

ஒன்று, மார்ச். இரண்டு, ஏப்ரல். மூன்று, ஜூன். நான்கு, ஆகஸ்ட். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் பெயர். நான் தலையில் மட்டும் வைத்திருந்ததை அவள் எழுதியே வைத்திருந்தாள். ஐந்தாவதாக லூலாவின் கையுறை.

"இதெல்லாம் எதுக்கு?" என்றார் பர்விஸ். "பேரை மட்டும் படிங்க."

"எழுதினதை எழுதின வரிசையிலதான் படிக்கணும். அதுவும் ஒப்பந்தத்துல இருக்கு, சார்."

ஐந்தையும் படித்தேன். கூடத்தில் நூறு பேர் நின்றார்கள். ஜெரிகா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிக்கு வந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். டெல்ஃபின் முதுகை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கி, பர்விஸை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஐந்து, ஆறு, ஏழு.

கயிற்றை இழுத்தவர் பெயரைப் படித்தேன். பின்வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று இன்னொரு முறை படித்தேன்.

"டெல்ஃபின் மே ஓட்டிஸ்."