ஒன்று குறையும் விடை

"வந்த நாள்லேர்ந்து ஒரே கட்டில். கழித்தல் சொல்லித்தரவே இந்தப் பாடுன்னா நீ எப்படிம்மா டீச்சராகப் போற?"

குழந்தைகள் வார்டு என்றுகூடப் பார்க்காமல் கேட்டார் விரிவுரையாளர். பயிற்சி மாணவி தலைகுனிந்து நின்றாள்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் சேவைத் திட்டம் அது. மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டால் அடுத்த கட்டிலுக்கு நகர வேண்டும். உடன் வந்த மாணவிகள் வார்டின் மறுகோடிக்கே போய்விட்டார்கள்.

"இப்படியே போனா உன்னை பாஸ் போட முடியாது. தள்ளு, நானே சொல்லித்தரேன்."

கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஒரு சிறுமி.

"அம்மா எங்க கண்ணு?"

"ஞாயித்துக்கிழமைதான் வருவாங்க. தம்பிப் பாப்பா இருக்கான்ல."

விரிவுரையாளர் சிலேட்டில் கணக்குப் போட்டார். நாற்பத்திரண்டில் பதினேழு போனால்? சிறுமி இருபத்து நான்கு என்று எழுதினாள். அறுபத்து மூன்றில் இருபத்தெட்டு? முப்பத்து நான்கு. ஐம்பதில் பத்தொன்பது? முப்பது.

விரிவுரையாளர் மாணவியை ஜன்னல் பக்கம் இழுத்தார்.

"தெரியாத பிள்ளைக்கு விடை கண்டபடி வரும். இவளுக்கு எப்பவும் ஒண்ணுதான் குறையுது. சரியான விடை தெரியாம இப்படித் தப்புப் போட முடியாது."

"தெரியும் மேடம். பாடம் வந்துட்டா நான் நகர்ந்துடுவேன்னு பயப்படுறா."

"மார்க் போகுமேன்னு தோணலையா உனக்கு?"

"தோணிச்சு. ஆனா..." மாணவியின் குரல் இறங்கியது. "எனக்காக யாரும் இவளை மாதிரி கதவையே பார்த்துக்கிட்டு இருந்ததில்லை மேடம்."

விரிவுரையாளர் கட்டிலுக்குத் திரும்பினார். எழுபத்திரண்டில் முப்பத்தைந்து?

சிறுமிக்குப் பாம்புக் காது. இந்த முறை மூன்று குறைத்து, முப்பத்து நான்கு என்று எழுதினாள்.

விரிவுரையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கழித்தல் வந்துட்டா அடுத்தது பெருக்கல். அப்புறம் வகுத்தல். நீ வீட்டுக்குப் போற வரைக்கும் எல்லாத்துக்கும் இதே அக்காதான் வருவாங்க."

"நெஜமாவா?"

"நான்தானே மார்க் போடறவ."

சிறுமி மாணவியைப் பார்த்தாள். பிறகு விடையை முழங்கையால் அழித்துவிட்டு, முப்பத்தேழு என்று எழுதினாள்.