பழகின கை

தங்கையின் கணவர் கொண்டுவந்து போட்டிருந்த பழைய மலைச் சைக்கிளில், ஃப்ரேமைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மெக்கானிக் கழற்றிக் கடாசியிருந்தார். முன்னும் பின்னும் புது சஸ்பென்ஷன், புது கியர், புது டிஸ்க் பிரேக்.

“மச்சான், கலக்கிட்டீங்க!” என்றார் மாப்பிள்ளை. “பழைய பிரேக்கை நாலு விரலாலயும் நசுக்கினாத்தான் வண்டி நிக்கும். இது எப்படி?”

“பழகின கையை எதுக்கு மாத்துறீங்க? அதே மாதிரி பிடிங்க.”

“அப்போ மலைப்பாதையில இறக்கிப் பாத்துடறேன். ஆமா, உங்க தங்கச்சி கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிருக்கா. இங்க வந்தா புத்தி சொல்லி அனுப்புங்க.”

“சொல்றேன் மாப்பிள்ளை.”

அவர் விசிலடித்தபடி கிளம்பினார்.

அடுத்து வந்த வாடிக்கையாளரின் சைக்கிளிலும் அதே பிரேக்தான். மெக்கானிக் அவரிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்: “ஒத்தை விரல் போதும் சார். இறக்கத்துல நாலு விரலும் போட்டு நசுக்கினீங்க, முன்சக்கரம் அப்படியே நின்னு ஆளைத் தலைகுப்புறத் தூக்கி எறிஞ்சிடும்.”

பிறகு கடையின் பின்னறைக்குப் போனார். காலையிலிருந்து அங்கே ஒளிந்திருந்த தங்கை, கன்னத்தில் ஐஸ்கட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“அவர் போயிட்டாராண்ணா?”

“போயிட்டாரும்மா.”

அவள் ஐஸ்கட்டியை எடுத்தாள். கன்னத்தில் நாலு விரல்களும் அப்படியே பதிந்திருந்தன.