ஆறடி வளைவு

தையல்நாயகி வேர்க்கடலை வறுத்து விற்கும் மல்லாட்டைக் கடை வாசலில் ஆறடிக்கோலைத் தரையில் வைத்துக் குனிந்திருந்தார் ஓவர்சீயர் முருகையன்.

தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

திண்டிவனம் கடைத்தெருவில் மற்ற கடைகளெல்லாம் ஒரே வரிசையில் நிற்க, இவள் கடை மட்டும் ஆறடி முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. தெரு அந்த இடத்தில் வளைந்துதான் போக வேண்டும். விழுப்புரம் பஸ் அங்கே முக்கி முனகித் திரும்பும்.

அது ஆக்கிரமிப்பு, இடித்துத் தெருவை நேராக்க வேண்டும் என்று எதிர்வரிசை ஜவுளிக்கடை விருத்தாசலம் மனு கொடுத்திருந்தார். அளந்து சுண்ணாம்புக்கோடு போட்டுவிட்டு வரச்சொல்லி ஆபீசில் முருகையனை அனுப்பிவிட்டார்கள்.

நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுகிறவர் விருத்தாசலம். வளைவில் மாட்டை இழுத்துப் பிடிக்கிற ஓமந்தூர் வண்டிக்காரன், எதிர்வண்டி போகிறவரை சும்மா இருப்பானா? மல்லாட்டை வாசனைக்கு இறங்குவான். கூட இறங்குகிற பெண்டாட்டி, எதிரே தொங்குகிற புடவையைப் பார்ப்பாள். பார்த்தபிறகு வெறுங்கையோடு வண்டி ஏறினவளை இந்த ஜில்லாவிலேயே யாரும் கண்டதில்லை.

தானும் தினம் அந்த வளைவில் சைக்கிளை நிறுத்தி மல்லாட்டை வாங்குகிற முருகையன் இதை ஆபீசில் சொல்லிப் பார்த்தார். சட்டத்தைப் பேசுமய்யா, மல்லாட்டையைப் பேசாதேயும் என்றார்கள்.

தையல்நாயகி கெஞ்சவில்லை. சட்டியில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். வல்லத்தில் வாழப்போய், புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி, தகப்பன் கட்டிய கடையில் இருபது வருஷமாக வறுக்கிறாள். இதுவும் போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அது முருகையனுக்குத் தெரியும்.

அவர் நிமிர்ந்தார். சுண்ணாம்பு டப்பாவைத் திறக்கவில்லை. காகிதத்தை எடுத்து நின்றபடியே எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

இது ஆக்கிரமிப்பு இல்லை. 1934இல் எல்லைக்கல் நட வந்த ஆபீஸ் ஆள், எதிர்வரிசையிலிருந்து ஐந்து கோல் வைத்து அளப்பதற்குப் பதில் நாலு கோலிலேயே கல்லை நட்டுவிட்டான். அந்தக் கல்லை நம்பித்தான் கடைக்காரர் சுவர் எழுப்பினார். இடிப்பதானால் ஆபீஸ்தான் நஷ்டஈடு தரவேண்டும். அந்த ஆள் நான்.

நஷ்டஈடு என்றதும் ஆபீஸ் வாயைத் திறக்காது என்பது விருத்தாசலத்துக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே கடைக்குள் போனார். கூட்டம் கலைந்தது.

முருகையனுக்கு வேலைக்கே ஆபத்து வரலாம். வரட்டும் என்று கையெழுத்துப் போட்டார். எண்ணிக்கை ஏன் தவறியது என்பதை மட்டும் எழுதவில்லை. அன்றைக்குத் தகப்பன் பக்கத்தில் நின்ற பதினேழு வயசுப் பெண்ணை ஆபீஸ் காகிதத்தில் எப்படி எழுதுவது?

"எங்கப்பாகிட்ட அஞ்சு கோலுன்னு சொன்னீங்க. நாலுதான் வெச்சீங்க. நான் எண்ணிக்கினுதான் இருந்தேன்" என்றாள் தையல்நாயகி.

முருகையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

அவள் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சொல்லியிருந்தா தெரு நேரா போயிருக்கும். நீங்களும் நேரா போயிருப்பீங்க."